பதினொரு பேர் நீங்கலாக

1

சேதுவின் கடிதம் போன மாதம் ஒரு சனிக்கிழமை வந்தது. சேது என் தம்பி. புதுக்கோட்டையில் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடுவான். பொங்கலுக்கு ஒன்று, சொந்தத்தில் யாராவது செத்தால் ஒன்று. இது பொங்கல் மாதமில்லை. யார் போனார்கள் என்று நினைத்துக்கொண்டே உறையைக் கிழித்தேன்.

யாரும் சாகவில்லை. அவன் மகள் மங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாளாம்.

"அக்கா, நீ அனுப்பிய உன் காலேஜ் புத்தகத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே மூன்றாம் இடம் என்று போட்டிருக்கிறது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அட்டையில் ஒரு பெண் சிரிக்கிறாள், நம் மங்கை சாயல். அவளையும் அங்கேயே சேர்த்துவிடலாம் என்றிருக்கிறேன். நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்? பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. சரி என்று ஒரு வரி போடு."

அந்த விளம்பரப் புத்தகத்தை யாரும் கேட்காமல் அனுப்பியவள் நான்தான். தபால் தலை கொஞ்சம் அதிகமாகவே ஆனது. இருபது வருஷமாக ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும், "அங்கே என்ன வேலை உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலை முழுதாகக் கேட்காமல் போவார்கள். மூன்றாம் இடம் என்றால் எல்லோருக்கும் புரியும் என்று நினைத்தேன். நினைத்தபடியே புரிந்துவிட்டது.

கடிதத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோது கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கவிதா என் மகள், ஆறாம் படிவம் படிக்கிறாள். நம் ஊர் பிளஸ் டூ என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும். அவளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பாதது என் முடிவு, அதையும் இந்தக் கட்டுரையின் வெட்கத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

"மாமா என்னம்மா எழுதியிருக்காரு?"

வாசித்துக் காட்டினேன்.

"மங்கையை உங்க காலேஜ்லயா? அப்ப என்னை மட்டும் ஏன் கவர்மெண்ட் ஸ்கூல்ல போட்டீங்க? தேர்ட் பிளேஸ் காலேஜ் லா அது!"

பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பதிலுக்குக்கூடக் காத்திராமல் டிவியைப் போடப் போய்விட்டாள். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அரிசி களைய எழுந்தேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி கூடவே ரயிலில் வருகிறது.

2

எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்பில். கணவர் ரயில்வேயில் இருக்கிறார். என் வேலை கிள்ளானில். திரைச்சீலைக் கடைக்கு மேலே இரண்டு மாடிகள், ஆறாம் படிவமும் அதற்கு மேல் சில டிப்ளமாக்களும் நடத்தும் எங்கள் கல்லூரி அதுதான். மின்சார ரயில் வந்த பிறகு போய்வருவது சௌகரியமாகிவிட்டது. அதற்கு முன்பு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவேன்.

திருச்சியில் கணிதம் படித்துவிட்டு, கல்யாணம் ஆகி, இந்த மலாய் நாட்டில் வந்து இறங்கினேன். முதல் வருஷம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் 'ஃபாரம் வேண்டும்' என்று மலாயில் கேட்பதற்குப் பதிலாக, 'ஃபாரம் சாப்பிட வேண்டும்' என்று கேட்டவள் நான். கவுண்டரில் இருந்த அம்மாள் சிரிக்காமல், முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பிறகு தருகிறேன் என்றார். இன்றைக்கு எந்த ஃபாரத்துக்கு எந்த ஜன்னல், எந்த முத்திரைக்கு எந்தக் கிழமை என்று மற்றவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன். கல்லூரியில் மாணவர் பதிவும் பரீட்சைப் பதிவும் என் பொறுப்பு. பாடம் நடத்துவதில்லை. ஆனாலும் எல்லோரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் திருத்துவதில்லை.

எங்கள் பிரின்சிபால் துரைசிங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க வேலைக்கு வந்த குடும்பம். அவரும் அரசாங்கப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்று இந்தக் கல்லூரியைத் தொடங்கினார். கழுத்துப்பட்டை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேலே படிக்கப் படிக்க நீங்கள் பழியை அவர்மேல் போட்டுவிட்டு என்னை விட்டுவிடக்கூடும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஓர் ஆங்கிலப் பத்திரிகை, கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தப் போவதாக அறிவித்து, ஆறு பக்கக் கேள்வித்தாள் அனுப்பியது. பிரின்சிபால் அதை என் மேசையில் வைத்து, "நீங்க மேத்ஸ் ஆளாச்சே, பார்த்து ஃபில் பண்ணுங்க" என்றார்.

நூலகத்தில் எத்தனை புத்தகங்கள்? இது முதல் கேள்வி. எங்களிடம் மூன்று அலமாரி. எண்ணிப் பார்த்தால் எழுதவே கூசும் எண்ணிக்கை. பிரிக்பீல்ட்ஸில் நம் பக்கத்துச் செட்டியார் ஒருவர் புத்தகக்கடை வைத்திருக்கிறார். விற்காமல் போன பழைய வருஷத்துப் பஞ்சாங்கங்கள் அவர் கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. "எடுத்துட்டுப் போங்கம்மா, கரையான் தின்னுது" என்றார். இரண்டு டாக்சியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோனோம். கேள்வித்தாள் துறைவாரியாகக் கேட்டிருந்தது. பஞ்சாங்கங்களை நான் வானியலில் எழுதினேன். அந்த ஆண்டு இந்த வட்டாரத்தில் வானியல் நூல்கள் அதிகமுள்ள கல்லூரி எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். யாரும் வந்து பார்க்கவில்லை.

எத்தனை விரிவுரையாளர்கள்? இயற்பியலுக்கு லிம் என்றொருவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் வேறு இரண்டு கல்லூரிகளுக்குப் போவார். அவரை ஒரு முழு ஆளாக எழுதினேன். பட்டியல் வெளிவந்தபோது பார்த்தால் மற்ற இரண்டு கல்லூரிகளும் அவரை முழு ஆளாகவே எழுதியிருந்தன.

கடைசிப் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற கல்லூரிகளைப் பற்றி உங்கள் முதல்வரின் மதிப்பீடு என்ன, பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தார்கள். பிரின்சிபால் அந்தக் கல்லூரிகளில் பாதியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. என்னிடமே விட்டுவிட்டார். தூரத்தில் பெட்டாலிங் ஜெயாவில் இருப்பவற்றுக்குத் தாராளமாக ஏழு, எட்டு போட்டேன். எங்கள் தெருமுனையில் இருப்பதற்கு மூன்று. அவர்கள் எங்களுக்கு எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அப்போது வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கணவரும் சிரித்தார்.

3

சிரிக்க முடியாத கேள்வி நான்காம் பக்கத்தில் இருந்தது. ஆறாம் படிவப் பரீட்சை எழுதியவர்களில் எத்தனை சதவீதம் தேர்ச்சி? மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக மதிப்பெண்.

முதல் வருஷம் இதற்கு மட்டும் உள்ளதை எழுதினோம். பட்டியலில் எங்கள் பெயர் அடிப்பக்கத்தில், ஒரு விளம்பரத்துக்குக் கீழே வந்தது. சேர்க்கைக்கு வந்த பெற்றோர் பத்திரிகையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டே வந்தார்கள், படி ஏறாமலே திரும்பினார்கள்.

"இன்னும் நல்லா படிக்க வைக்கணும், வேற வழியில்லை" என்றார் பிரின்சிபால்.

"படிக்க வைக்காமலே கூட்டலாம் சார்" என்றேன் நான்.

இதை நான்தான் சொன்னேன். அவர் கேட்கக்கூட இல்லை. ஒரு தாளில் கோடு போட்டு, மேலே தேறியவர்கள், கீழே எழுதியவர்கள் என்று எழுதிக் காட்டினேன். மேலே இருப்பதைக் கூட்டுவது கஷ்டம், வருஷக்கணக்காகும். கீழே இருப்பதைக் குறைப்பது ஒரு மத்தியான வேலை. பரீட்சைக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் நாமே ஓர் உள்தேர்வு வைப்போம். அதில் தேறாதவர்களைக் கல்லூரியின் பெயரில் அனுப்பாமல், தனித் தேர்வர்களாக அவர்களே பதிவு செய்துகொள்ளச் சொல்லுவோம். வகுப்புக்கு வரட்டும், பரீட்சையும் எழுதட்டும். நம் கணக்கில் மட்டும் இருக்க மாட்டார்கள்.

பிரின்சிபால் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "மத்த காலேஜ்ல செய்யறாங்களா?"

"செய்யாமலா சார் தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொன்பதுன்னு போடறாங்க?"

"அப்ப நாமளும் செய்வோம் லா" என்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

எனக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பிறகு பலநாள் யோசித்திருக்கிறேன். திருச்சிக் கல்லூரியிலிருந்து வரவில்லை. அதற்கு முன்னால், ஊரில் எங்கள் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்தது. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறை. நான் ஐந்தாம் வகுப்பு லீடர், சேது நான்காம் வகுப்பு. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும் தேதி தெரிந்ததும் பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு ஒரு சீட்டைக் கொடுப்பார். அதில் கேட்டால் பதில் சொல்லத் தெரியாத ஏழெட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். நாளைக்கு அவர்கள் வர வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்வது லீடர் வேலை. அந்த வருஷம் சீட்டில் கடைசிப் பெயர் சேதுராமன். வாத்தியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் தம்பிதான், என்ன செய்யிறது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவனிடம் சொன்னேன். "ஹை, லீவா!" என்று குதித்தான். மறுநாள் கண்மாயில் குளித்துவிட்டு வந்ததாக ஈரத் தலையோடு சொன்னான். எனக்கு இன்ஸ்பெக்டர் ஒரு பென்சில் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிக்கு நல்ல பெயர் கிடைத்தது.

4

மறுவருஷம் உள்தேர்வு வைத்தோம். முப்பத்தொன்பது பேரில் பதினொரு பேர் தேறவில்லை. பெற்றோரை அழைத்துப் பேசிக் கையெழுத்து வாங்கும் வேலை எனக்கு. தமிழ்ப் பெற்றோரிடம் தமிழில் சொல்ல நான்தானே இருக்கிறேன்.

பதினொரு பேரில் ஒருத்தி வசந்தி. காப்பாரிலிருந்து வருகிறவள். அப்பா முனியாண்டி அங்கே செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். தினமும் காலையில் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து திரைச்சீலைக் கடை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். உள்தேர்வு சமயத்தில் வசந்திக்குக் காய்ச்சல். உயிரியலில் மூன்று மதிப்பெண் குறைந்திருந்தது. காய்ச்சலுக்கு என் தாளில் கட்டம் இல்லை.

முனியாண்டி தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபாரம் மலாயில் இருந்தது. பேச்சு மலாய் அவருக்கு வரும், அரசாங்க மலாய் வராது.

"இது என்னா ஃபாரம் டீச்சர்?"

"ஒண்ணுமில்லைண்ணே. பரீட்சைக்குப் பேர் கொடுக்கறதுதான். காலேஜ் மூலமா கொடுக்காம நேரா கொடுக்கறோம். பரீட்சை ஒண்ணுதான், சர்ட்டிபிகேட்டும் ஒண்ணுதான்."

"நேரா குடுத்தா நல்லதா டீச்சர்?"

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். "நல்லதுண்ணே" என்றேன்.

வசந்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஃபாரத்தைத் தலைகீழாக வைத்தால்கூடப் படித்துவிடுவாள். படித்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரிதான் லா. இந்தியாவுல பெரிய படிப்பு படிச்சவங்க" என்று சொல்லிவிட்டு முனியாண்டி கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்து கொடுத்தார். காப்பார்க் கடற்கரையில் அவர் மச்சான் பிடித்ததாம். உயிரோடு இருந்தது. ரயிலில் பை அசைந்துகொண்டே வந்தது. வீட்டில் குழம்பு வைத்தேன். கவிதா இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

பரீட்சையும் ஒன்றுதான், சான்றிதழும் ஒன்றுதான், அது பொய்யில்லை. ஆனால் தனித் தேர்வர்களுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது, அதற்குப் பதில் வேறொரு எழுத்துத் தாள். அதனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்கு இடமில்லை என்றாயிற்று. அந்த எழுத்துத் தாளுக்குப் பாடம் நடத்த எங்களிடம் ஆளும் இல்லை. பரீட்சை மையமும் அவர்கள் இஷ்டத்துக்கு வரவில்லை. வசந்திக்கு விழுந்தது கிள்ளானுக்கும் தெற்கே, தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில். விடிவதற்கு முன் காப்பாரிலிருந்து மழையில் அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் போய்ப் பரீட்சை எழுதினாள். பதினொரு பேரில் இரண்டு பேர் பரீட்சைக்கே போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மனசு விட்டுப்போயிற்றாம். வசந்தி போக மற்ற எட்டுப் பேர் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. என் பட்டியலில் அவர்கள் இல்லாததால் நான் விசாரிக்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கவிதா ஐந்தாம் படிவம் முடித்தாள். அடுத்து எங்கே சேர்ப்பது என்று கணவர் கேட்டார். எங்கள் கல்லூரியில் ஊழியர் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. யோசிக்காமல் அரசாங்கப் பள்ளி என்று சொன்னேன். அங்கே காய்ச்சல் வந்தாலும் அவள் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

5

எங்கள் பட்டியலில் இருந்த இருபத்தெட்டுப் பேரும் தேறினார்கள். நூற்றுக்கு நூறு. பத்திரிகையில் மூன்றாம் இடம். கல்லூரியில் கேக் வெட்டினோம். பிரின்சிபால் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொன்னார்.

கேக் முடிந்த மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "காப்பார் பிள்ளை ஒண்ணு இருந்துச்சே, வசந்தி. ரிசல்ட் பார்த்தீங்களா? நம்ம இருபத்தெட்டுல ஒருத்தருக்குக்கூட அந்த மார்க் இல்லை."

பார்த்திருந்தேன்.

"அந்தப் பிள்ளை போட்டோ வேணும். புரோஷர் அட்டைக்கு."

"சார், அவளை நாமதான் நம்ம பேர்ல அனுப்பலையே."

"கிளாஸ் நம்மகிட்டத்தானே படிச்சிச்சு?" அவர் குரலில் சூழ்ச்சியில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். பெருமையில் கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது.

காப்பாருக்குப் பஸ்ஸில் போனேன். வாசலில் முனியாண்டி மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, உள்ளே பார்த்து, "டீச்சர் வந்திருக்காங்க, டீச்சர்!" என்று கத்தினார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இவங்கதான். நேரா குடுத்தாத்தான் நல்லதுன்னு அன்னிக்கே சொன்னாங்க. சொன்னது எப்படிப் பலிச்சிருக்கு பாருங்க" என்றார். அவர்கள் என்னைக் கும்பிட்டார்கள்.

புகைப்படத்தை எடுக்க வசந்தி உள்ளே போனாள். நானும் கூடவே போனேன். ஏதாவது சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

"வசந்தி, அன்னிக்கு..."

"அப்பாவுக்குத் தெரியாது டீச்சர்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சொல்லாதீங்க. நீங்க நல்லது செஞ்சீங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. கோயில்ல உங்க பேருக்கும் அர்ச்சனை பண்ணாரு. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

புகைப்படத்தை ஓர் உறையில் போட்டு நீட்டினாள். வேண்டாம், கொடுக்காதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு, பையில் வைத்துக்கொண்டு, கிள்ளானுக்குப் பஸ் பிடித்தேன். சேது கடையில் எல்லோருக்கும் காட்டுகிறானே, மங்கை சாயலில் அட்டையில் சிரிக்கும் பெண், அவள் இவள்தான்.

6

சேதுவுக்கு எழுத நான்கு நாள் ஆயிற்று. 'இங்கே சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளாது' என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். 'விசா கிடைப்பது கஷ்டம்' என்று இன்னொன்று. இரண்டும் நன்றாகவே வந்திருந்தன. ஃபாரம் நிரப்பிப் பழகிய கை. மூன்றாவதில்தான் உள்ளதை எழுதினேன். பஞ்சாங்கம், லிம், பதினொரு பேர், நண்டு, அட்டையில் இருக்கும் பெண், எல்லாவற்றையும் எழுதிவிட்டு இப்படி முடித்தேன்: "மங்கையை அனுப்பாதே. கவிதாவை நான் அங்கே சேர்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்த நாளில் உன்னைப் பள்ளிக்கு வராதே என்று சொன்னேனே, உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. அதே வேலையைத்தான் இங்கே வந்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

பிரின்சிபாலிடமும் இந்த வருஷப் பட்டியலை நான் போடமாட்டேன் என்று சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "நீங்க சொல்றது சரிதான்" என்றார். பிறகு வேலையைக் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் புதுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அவள் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டாள். இந்த முறை நீக்கியது ஒன்பது பேரை. அவர்களில் நான்கு பேர் வீட்டுக்கு நான் போன் செய்து, கையெழுத்துப் போடும் முன் ஃபாரத்தை யாரிடமாவது படித்துக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற ஐந்து பேரின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் ஒழுங்காக வைத்திருந்த கோப்பு, இப்போது என் மேசையில் இல்லை.

நேற்று சேதுவின் பதில் வந்தது. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவன் கடைக்குப் போனால், அந்தப் புத்தகத்தை இனி காட்டமாட்டான். நான் திட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். சின்னக் கடிதம்தான், அப்படியே தருகிறேன்.

"அக்கா, மங்கையை இங்கே மகளிர் கல்லூரியில் சேர்த்துவிட்டேன். அதைப் பற்றிக் கவலைப்படாதே. இன்ஸ்பெக்டர் வந்த நாள் நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் கண்மாய்க்குப் போகவில்லை. வழியில் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் நீ எழுந்து எழுந்து பதில் சொன்னாய். எனக்கும் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தது."